திட்ட வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், வலி நிவாரணித் தைல விளம்பரத்துக்குக் கீழே, 'ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி வருமே, அதில்தான் அவர் பெயர் இருந்தது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். புரூஃப் ரீடர் என்பதால் அதைப் படிக்கவும் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எங்களுக்கு அவர் முதலாளி. அல்சூர் ஏரிக்குப் பின்னால் பழைய ஓட்டு வீடு ஒன்றில் ஆபீஸ், பின்கட்டில் அச்சகம். தமிழில் ஒரு வாரப் பத்திரிகை, கன்னடத்தில் ஒரு சினிமா இதழ். தொண்ணூறுகளின் நடுவில் ஜோகுபாளையத்திலிருந்து நான் நடந்தே வேலைக்குப் போய்வந்தேன். எங்கள் தமிழ்ப் பத்திரிகையை வெளிப்படையாக வாங்குகிறவர்கள் குறைவு. கொலை, போலிச் சாமியார், ஓடிப்போன மருமகள், மாட்டிக்கொண்ட கவுன்சிலர் எல்லாம் அதில் இருப்பார்கள். பஸ்ஸில் வாங்கி, பஸ்ஸிலேயே படித்து, இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் நான் "பிரஸ்ல" என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்வேன். அப்படிப்பட்ட பத்திரிகையின் முதலாளியைப் பற்றி இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது என்றால் நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

பத்திரிகை வியாழக்கிழமை கடைக்கு வரும். வெள்ளிக்கிழமை காலை அவர் ஆபீஸ் வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எதிரே குஷன் வைத்த நாற்காலி ஒன்று. ஆபீஸிலேயே நல்ல நாற்காலி அது ஒன்றுதான். அதில் நாங்கள் யாரும் உட்காரக் கூடாது, அவரும் உட்கார மாட்டார். அது திட்ட வருகிறவர்களுக்கு. அந்த வாரம் எவரைப் பற்றி எழுதினோமோ அவரோ, அவர் மச்சானோ, வக்கீலோ, சாதிச் சங்கத்துக்காரரோ நேரே வரலாம், உட்காரலாம், வாய்க்கு வந்தபடி திட்டலாம். டீ உண்டு. நடுவில் பதில் பேச மாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். எதிராளி மூச்சு வாங்கும்போது, "ஆய்த்தா?" என்று கேட்பார். முடிந்ததா என்பதைக் கன்னடத்தில் கேட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இன்னும் ஆகவில்லை என்றால் காத்திருப்பார். ஆகிவிட்டதென்றால் அடுத்து ஒரே ஒரு கேள்வி.

"இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

இதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. திட்டுவதற்கு மட்டுமே தயாரித்துக்கொண்டு வந்திருப்பார்கள். திருத்தம் போடச் சொன்னால், தப்பு வந்த அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவில் போடுவார். வேறு பத்திரிகைகளில் திருத்தத்தைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும். ஆனால் எழுதினவன் யார் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். கடைசிப் பக்கத்தைப் புரட்டி அந்தப் பொடி வரியில் விரலை வைத்துக் காட்டுவார். ஒருமுறை ஒரு கவுன்சிலரின் ஆட்கள் வந்து, எழுதின ரிப்போர்ட்டரை வெளியே அனுப்பச் சொல்லி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ரிப்போர்ட்டர் அந்த நேரம் இருட்டறைக்குள் போட்டோ கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான். முதலாளியின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. அவர் அந்தப் பொடி வரியைக் காட்டியபடியே இருந்தார். அவர்கள் போன பிறகு உள்ளே வந்து, "பை போச்சு, இனி பேனாவை எங்கம்மா வைக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். ரிப்போர்ட்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒரு செய்தியை இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எழுதியதில்லை.

நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பத்திரிகையைக் கூவி விற்று மேலே வந்தவர். விற்பனை என்றால் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஒரு நடிகரைப் பற்றி ஏதோ எழுதப் போக, ரசிகர் மன்றத்துக்காரர்கள் ஆபீஸ் வாசலில் பத்திரிகையை எரிக்க வந்தார்கள். வந்தவர்கள் கையில் தீப்பெட்டி இருந்தது, பத்திரிகை இல்லை. தலைவன் உள்ளே வந்து நாலு கட்டு கேட்டான்.

"எரிக்கறதுக்கு ஓசி காப்பி கிடையாது தம்பி," என்றார் இவர். "கடைல வாங்கி எரிங்க. அதான் மொறை."

அவர்களும் போய் அல்சூர், சிவாஜி நகர் கடைகளில் இருந்ததையெல்லாம் காசு கொடுத்து வாங்கி வந்து எரித்தார்கள். கூட்டத்தைப் பார்த்து, என்ன எழுதினான் என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் தேட, கடைகளில் ஒரு பிரதி இல்லை. சாயங்காலம் மறுபடி அச்சடித்தோம். மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் டீயை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார். பார்க்க எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அவர்மேல் வழக்குகளும் நிறைய. ஓசூர், வேலூர், மைசூர் என்று ஊருக்கு ஒரு மானநஷ்ட வழக்கு. நேரில் வர வேண்டாம் என்று வக்கீல் சொன்னாலும் பஸ் ஏறிப் போய்விடுவார். "கூப்பிட்டா போகணும்மா. நம்மால ஒருத்தர் கோர்ட் வாசல்ல நிக்கறப்ப நாம வீட்ல உக்காந்திருந்தா நல்லா இல்ல" என்பார். சில வழக்குகளில், எதிர்த் தரப்பு ஆளும் இவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இவர் கொண்டுபோன சப்பாத்தியைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. படங்களை அவர்தான் தேர்ந்தெடுப்பார். படத்தில் இருக்கிற முகம் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. வெளியே பார்த்தால் படிக்கிறவன் கண்ணும் வெளியே போய்விடுமாம். முகம் தப்பான திசையில் இருந்தால், "திருப்பிப் போடு" என்பார். கேமராக்காரர் நெகட்டிவைப் புரட்டி வைத்து எடுத்துக் கொடுப்பார். இடது வலதாகும், வலது இடதாகும். அவ்வளவுதானே என்று நாங்களும் இருந்தோம்.

அந்த வாரம் அட்டைச் செய்தி, கைக்குழந்தைகளை விலை பேசி விற்ற ஒரு கும்பல். போலீசில் மாட்டியவர்களில் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி படித்த ஒருத்தியும் இருந்தாள். அவள் படம் வேறு எங்கும் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பயிற்சி மையத்தின் விழாப் படம் ஒன்று கிடைத்தது. சான்றிதழ் வாங்கப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், எல்லோரும் ஒரே பக்கம் மேடையைப் பார்க்கிறார்கள். படத்தின் முதுகில், 'இடமிருந்து இரண்டாவது' என்று குறித்திருந்தது. பக்கத்தில் அந்தப் படம் விழுந்த இடத்தில் அத்தனை முகமும் வெளியே பார்த்தன. "திருப்பு" என்றார் முதலாளி. திருப்பின படம் வந்தது. அவரே சிவப்புப் பென்சிலை எடுத்து, இடமிருந்து இரண்டாவது முகத்தைச் சுற்றி வட்டம் போட்டார். வரிசை அப்போது இடம் வலமாக மாறியிருந்தது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

விவேக் நகரில் வியாழக்கிழமை என்றால் குழந்தை ஏசு கோயிலுக்கு வருகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். மெழுகுவத்திக் கடைக்குப் பக்கத்தில் பத்திரிகைக் கடை. மத்தியானத்துக்குள் பேட்டை முழுக்கப் பார்த்துவிட்டது. வட்டத்துக்குள் இருந்த முகம் ஜெயமேரியின் முகம்.

கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, தன் வீட்டு முன்னறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் ஜெயமேரி. கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போகிற தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டு, இருட்டும்போது வந்து தூக்கிப் போவார்கள். அதுதான் அவளுக்கும் அவள் தாயாருக்கும் சோறு. அன்று சாயங்காலம் வந்த தாய்மார்கள் குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாளாம். அதன் பிறகு யாரோ கேட்டில் கல்லெறிந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். முப்பது வயசு இருக்கும், ஒல்லி. நாற்காலியைக் காட்டினார், அவள் உட்காரவில்லை. என் மேஜை கதவுக்கு உள்பக்கம், எல்லாம் கேட்கும். அவள் திட்டவும் இல்லை. பத்திரிகையை விரித்து அவர் மடியில் வைத்தாள்.

"இந்தப் படத்துல இருக்கற ஒரு பொம்பளையாவது சேலைய ஒழுங்கா கட்டியிருக்காளா பாருங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். அத்தனை பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் கிடந்தது.

"படத்த திருப்பி போட்டுட்டு என்னை புடிச்சி வட்டத்துக்குள்ள நிக்க வெச்சிட்டீங்க," என்றாள். "அவ அந்தக் கடைசில நிக்கறா. நான் இந்தக் கடைசி. என்கூட படிச்சா, அவ்ளோதான்."

அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். "ஆய்த்தா" என்று கேட்கவில்லை. "தப்பு என்னுதும்மா," என்றார். "வட்டம் போட்டது நான். திருப்பச் சொன்னதும் நான். இப்ப என்ன பண்ணணும், சொல்லு. பெரிசா திருத்தம் போடறேன். அட்டையிலயே போடறேன்."

"போடுங்க. ஆனா என் மூஞ்சிய திரும்பப் போடாதீங்க." பத்திரிகையை அவர் மடியிலிருந்து எடுத்து மடித்தாள். "போட்டு இன்னா சார் ஆகப்போவுது? பேப்பர்ல வந்துச்சின்னா ஏதோ இருக்கும்னு நெனப்பாங்க. இல்லன்னு போட்டா காசு குடுத்து போட வெச்சான்னு நெனப்பாங்க. யாரு புள்ளைய கொண்டாந்து என்கிட்ட விடுவா?" அப்புறம் அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க விடுவீங்களா? உங்க வூட்டுக் கொழந்தைய?"

வெள்ளிக்கிழமைகளில் எத்தனையோ கேள்விகளை அவர் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். இதற்குச் சும்மா இருக்கவில்லை.

"திங்கட்கிழமை கொண்டு வர்றேம்மா."

அவருக்கு ஒரே மகன். மகனுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிப் பிறந்த பெண் குழந்தை. அப்போது இரண்டு வயது முடியவில்லை. அந்தக் குழந்தை தும்மினால் ஆபீஸுக்கு லீவு விடுகிற மனுஷன். சும்மா வாய்வார்த்தை என்றுதான் நான் நினைத்தேன். ஜெயமேரியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், மடித்த பத்திரிகையோடு போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை மருமகள் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். நேராகப் போய் அந்தக் குஷன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வேண்டுமென்றுதான் உட்கார்ந்தாள். அவரும் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மாமா, உங்க தப்புக்கு என் குழந்தையா கிடைச்சா? முன்னபின்ன தெரியாத பொம்பளைகிட்ட விடுவீங்களா? ஊரே அவளைப் பத்திப் பேசுது."

"ஊருக்குச் சொன்னதே நான்தானேம்மா," என்றார்.

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் காத்திருந்தார். அழுது முடிந்ததும், "உன் குழந்தைதான். நீ வேண்டாம்னா தூக்கிட்டுப் போக மாட்டேன்," என்றார். "ஆனா அந்தப் பொண்ணு கேட்டதுக்கு வேற பதில் எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு." மருமகள் எழுந்து, குழந்தைக்கு எத்தனை மணிக்குப் பால் கொடுக்க வேண்டும், எந்தப் பொம்மை இல்லாமல் தூங்காது என்றெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை துணைக்கு என்னை வரச் சொன்னார். பையும் பால் புட்டியும் என் கையில். கோயில் வளைவுக்கு முன்னாலேயே காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார். வீடு எங்கே என்று டிரைவர் விசாரித்து வைத்திருந்தான், அவருக்கும் தெரியும். ஆனாலும் மெழுகுவத்திக் கடையில் நின்றார்.

"ஜெயமேரி அம்மா வீடு எங்கம்மா? குழந்தைங்களைப் பாத்துக்கறாங்களே, அவங்க? என் பேத்திய விடணும்."

பஸ் ஸ்டாண்டில் பத்திரிகை கூவின தொண்டை அல்லவா, எதிர்ச் சாரிக்கும் கேட்டது. கடைக்காரி வழி சொன்னாள். அவர் பத்தடி நடந்து காய்கறிக் கடையில் நின்றார். அதே கேள்வி. அடுத்து பேக்கரி. அடுத்து அரிசிக் கடை. எனக்கு மானம் போயிற்று. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். வேட்டி, சட்டை, மோதிரம், தோளில் கவுன் போட்ட குழந்தை. பத்திரிகைக் கடைக்காரனுக்கு இவரை அடையாளம் தெரியும். "பத்திரிகை மொதலாளியே தான் பேத்திய கொண்டாந்து விடறாரு" என்று அவன் பக்கத்துக் கடைக்குச் சொன்னான். அதைத்தான் இவரும் எதிர்பார்த்திருப்பார் போல, அந்தக் கடை முன்னால் மட்டும் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் கொஞ்சம் அதிகமாகவே நின்றார்.

ஜெயமேரி கேட்டைத் திறந்து பார்த்து அப்படியே நின்றாள். குழந்தையை நீட்டினார். அவள் கை உடனே வரவில்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பிறகு வாங்கினாள். காலியான அந்த முன்னறையில், கட்டியிருந்த தூளிகளுக்கு நடுவே, குழந்தை வீல் என்று கத்தியது. இவர் கேட்டுக்கு வெளியே தவித்துக்கொண்டு தெருமுனைவரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். உள்ளே மட்டும் போகவில்லை.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். தினமும் கடை கடையாக வழி கேட்டார்.

"நேத்துதானே சார் கேட்டீங்க?" என்று காய்கறிக்காரி சிரித்தாள்.

"வயசாயிடுச்சும்மா, மறந்து போவுது," என்றார் முகத்தை வெகுளியாக வைத்துக்கொண்டு.

திருத்தம் அடுத்த இதழின் அட்டையில் வந்தது. படம் இல்லாமல், வெறும் எழுத்தில், தப்பு செய்தவர் பத்திரிகை முதலாளி என்று. எங்கள் உதவி ஆசிரியருக்கு ஒரு யோசனை. "சார், போட்டோகிராபரை விவேக் நகர் அனுப்பறேன். நீங்க பேத்தியைத் தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு படம் போட்டா கதையே மாறிடும்." எரிக்க வந்தவனிடம் பத்திரிகை விற்ற மனுஷன் இதை விடுவாரா என்று நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

"வேண்டாம் தம்பி," என்றார். "நம்ம பத்திரிகைல வந்தா யாரு நம்புவா?"

அவர் சிரிக்கவில்லை. அன்று நான் அவரை அண்ணாந்து பார்த்தேன், இன்னும் தலையை இறக்கவில்லை. தன் பத்திரிகையின் மதிப்பு என்ன என்று இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதையே நடத்திக்கொண்டும் இருந்த மனுஷர் அவர். பெரிய பெரிய இங்கிலீஷ் பத்திரிகைகளில் பின்னால் நான் வேலை செய்துவிட்டேன். தப்பு செய்துவிட்டு, தன் வீட்டில் இருப்பதிலேயே அருமையானதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்த ஒருவரை அங்கே நான் பார்த்ததில்லை.

வாரக்கணக்கில் அந்த அறையில் அவர் பேத்தி மட்டும்தான். முதலில் திரும்பி வந்தவள், பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் பார்த்த அதே பெண். கேட்டில் நின்று தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையை நீட்டினாள், ஜெயமேரியும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள் என்று முதலாளிதான் ஆபீஸுக்கு வந்து சொன்னார். பத்திரிகை விற்பனை ஏறினால்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. அவர் நடப்பதை நிறுத்தவில்லை. படங்களைத் திருப்புவதை மட்டும் நிறுத்திவிட்டார். எங்கள் பத்திரிகையில் முகங்கள் அதற்குப் பிறகு இஷ்டப்பட்ட பக்கம் பார்த்தன.

ஒருநாள் அட்டைப் புரூஃபை அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்ததால், நான் நேராக விவேக் நகருக்கே எடுத்துக்கொண்டு போனேன். அவர் கேட்டருகே குழந்தையோடு நின்றார். உள்ளே ஒரே இரைச்சல், தூளிகள் போதாமல் தரையில் பாய் விரித்திருந்தார்கள். ஜெயமேரி இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"நாளைலேர்ந்து பாப்பாவ கூட்டினு வராதீங்க சார்," என்றாள். "எடம் இல்ல."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "ஏம்மா, ஒரு மூலைல இருந்துட்டுப் போகட்டுமே. உன்னை விட்டா அவ வேற யார்கிட்டயும் சாப்பிட மாட்டேங்கறா. வீட்ல ஓயாம மேரிம்மா மேரிம்மாங்கறா." இதுவரைக்கும் யாரிடமும் கெஞ்சி நான் பார்க்காதவர், கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"கம்பெனிக்குப் போறவங்க வெளிய காத்துனு இருக்காங்க. உங்க வூட்ல பாத்துக்க ஆளு இருக்கு," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. குழந்தை அவளிடம் போகக் கை நீட்டித் துள்ளியது. அவள் கம்பிக்கு இடையில் விரலை விட்டு அதன் கன்னத்தைத் தொட்டாள், அவ்வளவுதான். "நீங்க கெளம்புங்க சார்."

அவர் ஒரு கையால் கும்பிட்டார். மறு கையில் குழந்தை இருந்தது. ஜெயமேரி உள்ளே போய்விட்டாள்.

திரும்பி நடந்தோம். "மேரிம்மா, மேரிம்மா" என்று குழந்தை தோளுக்கு மேலே கைகளை நீட்டித் தெரு அதிர அழுதது. கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பதறிப்போய் குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதையும் துடைக்கவில்லை.

"அழட்டும்மா," என்றார். "தெரு முழுக்கக் கேக்கட்டும்."

கோயில் வளைவுவரை அவர் மெதுவாகவே நடந்தார்.